சஸ்பென்ஷன் செலவு: எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது?

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிகிறது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, அவற்றின் மேல் மவுன்ட், லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டெபிலைசர் லிங்க், பின்பக்க ஷாக் இரண்டு என்று எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். இன்று காரை விற்றால் கிடைக்கக்கூடிய பணத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. எனக்குப் பழக்கமான மெக்கானிக்கோ, ஷாக்கில் எண்ணெய் மாற்றி, ஆர்மில் புஷ் மட்டும் போட்டு, அந்தத் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னும் மூன்று ஆண்டுகளாவது இந்தக் காரை வைத்திருக்க நினைக்கிறேன். சரிசெய்வதா, மாற்றுவதா, காரையே விற்றுவிடுவதா? அவசர நிதியாக ஐந்து மாதச் செலவுக்குப் பணம் வைத்திருக்கிறேன். அதைத் தொடலாமா, கிரெடிட் கார்டில் தவணையாகப் போட்டுவிடலாமா?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. சக்கரத்தின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் நியாயம் இருக்கிறது. லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் பக்கம் இருக்கிறது. மொத்தத் தொகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசிப்பதால்தான் குழப்பம் வருகிறது. பில்லை வரிவரியாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலான வரிகளுக்கு விடை தானாகவே தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பியிருந்த மதிப்பீட்டை, கணக்குப் போட வசதியாக, மொத்தம் 100 பங்கு என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் முன்பக்க ஷாக் இரண்டும் 32, ஷாக்கின் மேல்முனையை பாடியோடு இணைக்கும் மேல் மவுன்ட் 8, சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டும் 24, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு இணைந்த ஸ்டெபிலைசர் லிங்க் 6, பின்பக்க ஷாக் இரண்டும் 18, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) உட்படக் கூலி 12. உங்கள் மெக்கானிக் கேட்பது 35: ஷாக்குக்கு எண்ணெய் 12, புஷ் 9, லிங்க் 6, கூலியும் அலைன்மென்டும் 8.

முதலில் அந்த 12 பங்கைப் பார்ப்போம். சாதாரண கார்களில் வரும் ஷாக் அப்சார்பர், திறந்து மூடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே எண்ணெயும் பெரும்பாலும் அழுத்தமூட்டிய வாயுவும் அடைத்து, மூடி, முத்திரையிட்டு வருகிறது. எண்ணெய் வெளியே வருகிறது என்றால் அதன் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பல நேரங்களில் அந்த சீலை உரசிக்கொண்டே மேலும் கீழும் போகும் தண்டிலும் கீறலோ துருப்புள்ளியோ விழுந்திருக்கும். அந்தத் தண்டை அப்படியே வைத்துக்கொண்டு புது எண்ணெய் ஊற்றினால், புது சீலையும் அதே கீறல் தின்றுவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு என் காரில் இதே வேலையைச் செய்யச் சொல்லி, மிச்சப்படுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். சில மாதங்களிலேயே ஷாக்கின் உடம்பு மறுபடியும் எண்ணெய் வழிந்து புழுதி அப்பிக் கறுத்துக் கிடந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் டயரில் தெரிந்தது. உள்ளங்கையை டயரின் மேல் வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஷாக் அடக்காத சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி விழும். விழுந்த இடமெல்லாம் ரப்பர் தேயும். நன்றாக இருந்திருக்க வேண்டிய இரண்டு டயர்களை அந்த மிச்சம் சாப்பிட்டுவிட்டது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். இப்போது 35 கொடுக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றிய ஷாக் ஓராண்டுக்குள் கைவிட்டால், புது ஷாக் 32, மவுன்ட் 8, மறுபடியும் கூலியும் அலைன்மென்டும் 8, ஆக 48. மொத்தம் 83. இதே வேலையை இப்போதே ஒழுங்காகச் செய்தால் ஷாக் 32, மவுன்ட் 8, புஷ் 9, லிங்க் 6, முன்பக்கக் கூலி 10, ஆக 65தான். இடையில் இருக்கும் 18 பங்கு உங்கள் பின்பக்க ஷாக் இரண்டின் விலை. டயர் தேய்மானத்தை நான் இன்னும் இதில் சேர்க்கவே இல்லை.

மேல் மவுன்டையும் ஏன் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். 1940களில் எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய அமைப்பு அது. ஷாக், ஸ்பிரிங், மவுன்ட் எல்லாம் ஒரே தூணாக நிற்கும். ஷாக்கை மாற்ற வேண்டுமானால் தூணை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்து, மவுன்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் கூலியை ஒருமுறை கொடுத்துவிட்ட பிறகு, 1,12,000 கிலோமீட்டர் ஓடிய ரப்பர் மவுன்டைத் திரும்பவும் மாட்டி, அடுத்த ஆண்டு அது சத்தம் போடும்போது முழுக் கூலியையும் இரண்டாம் முறை கொடுப்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை. ஸ்பிரிங் முறியாமல், இறங்காமல் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். ஒரு பக்க ஷாக்தான் கசிகிறது என்றாலும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று விறைப்பாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் கார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்காது.

லோயர் ஆர்ம் கதை வேறு. ஆர்ம் என்பது இரும்பு, அது தேய்வதில்லை. தேய்வது அதன் நுனிகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும், சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும். பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்துவது காலங்காலமாக நடக்கும் ஒழுங்கான வேலை. பால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது, ஆர்ம் வளையவில்லை என்றால், 24 பங்கு கொடுத்து முழு ஆர்ம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. 9 பங்கில் அதே பலன் கிடைக்கும். ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். வயதானால் ரப்பர் அப்படித்தான் ஆகும். ரப்பர் இரும்புக் குழலை விட்டுப் பிரிந்திருக்கிறதா, கடப்பாரையால் நெம்பினால் ஆர்ம் அளவுக்கு மீறி ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. அதை உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் நான் சொன்ன சிக்கனக் கணக்கு அத்தனையையும் ஒதுக்கி வையுங்கள். அது கழன்றுவிட்டால் சக்கரத்தின் அடிப்பகுதிக்குப் பிடிமானமே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கி, கார் உங்கள் கையை விட்டுப் போய்விடும். சில கார்களில் ஜாயின்ட்டைத் தனியாக போல்ட் போட்டு மாற்றலாம். ஆர்மோடு சேர்ந்தே வருவதாக இருந்தால் முழு ஆர்மையே வாங்குங்கள். அப்போது உங்கள் செலவு 65க்குப் பதிலாக 80 ஆகும். அந்த 15 பங்குக்குப் பேரம் பேச நான் யாரையும் விடமாட்டேன். விரிசல் விட்ட ஆர்மை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய கார்களை உடைக்கும் இடத்தில் கழற்றிய ஷாக், பால் ஜாயின்ட் எதையும் வாங்காதீர்கள். எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாத பொருளுக்குப் புதுக் கூலி கொடுப்பீர்கள்.

லிங்க்கை மறு யோசனை இல்லாமல் மாற்றிவிடலாம். சின்ன பாகம்; ஆனால் ‘டக் டக்’ சத்தத்துக்கு மிகப் பலமுறை அதுதான் காரணமாக இருக்கும்.

பின்பக்க ஷாக் இரண்டும் காத்திருக்கலாம். மதிப்பீட்டில் அவற்றுக்கு நேராக ‘ஈரம்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். சீல் இருக்கும் இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிவது இயல்பு. உடம்பு முழுக்க வழிந்தால்தான் கசிவு. பின்பக்க வேலைக்கும் முன்பக்க வேலைக்கும் கூலியில் பெரிதாக ஒட்டு உறவு கிடையாது என்பதால், தள்ளிப்போட்டாலும் எதையும் இருமுறை கொடுக்க மாட்டீர்கள். அந்த 18 பங்கையும் அதற்கான கூலி 2 பங்கையும் ஆறு மாதங்களில் மாதாமாதம் எடுத்து வையுங்கள். அதற்குள் வழிய ஆரம்பித்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

இனி காரை விற்பதைப் பற்றி. பழுதுச் செலவு காரின் மதிப்பில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் விற்றுவிடு என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை இல்லை. காரின் விற்பனை மதிப்பு, நீங்கள் அதை விற்கும்போதுதான் உங்களுக்குப் பொருட்டு. நீங்கள் ஓட்டப்போகிறீர்கள். ஆகவே அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் காரால் ஆகும் செலவையும், இதற்குப் பதிலாக வரும் காரால் ஆகும் செலவையும்தான் ஒப்பிட வேண்டும். பின்பக்கத்தையும் சேர்த்தால் உங்களுக்கு 85. அதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் இரண்டரைப் பங்குக்கும் குறைவு. உங்கள் கார் இன்று 500 பங்கு பெறும் என்றால், அதே தரத்தில் புதுக் கார் 2,000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். புதுக் கார் முதல் ஆண்டில் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீத மதிப்பை இழக்கும். அதாவது 300 முதல் 400 பங்கு. வட்டி இதில் சேரவில்லை. சஸ்பென்ஷன் தேய்ந்தது என்பதற்காக மட்டும் விற்கிறவர், அந்த பில்லைப்போல மூன்று நான்கு மடங்கை ஒரே ஆண்டில் கண்ணுக்குத் தெரியாமல் இழக்கிறார். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரட் பொருத்தப்படும் பாடி இரும்பு துருப்பிடித்து அரித்திருந்தாலோ, இன்ஜினோ கியர்பாக்ஸோ பெரிய செலவு வைக்கும் நிலையில் இருந்தாலோ, இந்த 65ஐ அதில் போடாதீர்கள். அப்போது விற்பதுதான் சரி; வாங்குபவரிடம் மதிப்பீட்டைக் காட்டி, விலையைக் குறைத்து நேர்மையாக விற்றுவிடுங்கள்.

பணம் எங்கிருந்து எடுப்பது? அவசர நிதியிலிருந்துதான். அது இருப்பதே இதற்காக. எடுத்த பிறகும் மூன்று மாதச் செலவுக்கான தொகை மிஞ்சுகிறதா என்று மட்டும் பாருங்கள். கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீத வட்டி என்பது சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓராண்டில் 42 சதவீதத்தைத் தாண்டும். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால், செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று இரண்டையும் கேளுங்கள். அந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் உண்மையான வட்டி.

ஷாக்கின் விலையிலும் கொஞ்சம் குறைக்க வழி இருக்கிறது. கேஒய்பி, மன்ரோ, சாக்ஸ், பில்ஸ்டீன் போன்ற நிறுவனங்கள் கார் தயாரிப்பாளர்களுக்கும் ஷாக் அப்சார்பர் கொடுக்கின்றன, தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.

வேலை நடக்கும்போது ஒரு விஷயத்தை நீங்களே நின்று கவனிக்க வேண்டும். புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டை, கார் தூக்கி நிற்கும்போது, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும் நிலையில்தான் அதை முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கிலேயே சீக்கிரம் கிழிந்துபோகும். அலைன்மென்ட் அதற்குப் பிறகு.

பால் ஜாயின்ட் சோதனையை இந்த வேலைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை நெடுந்தூரப் பயணம் வேண்டாம்.