ரோபோவும் ஏஐ-யுமே கட்டடத்தை ஸ்கேன் செய்து மாடல் போட்டுவிடுகிறதாமே, இனி ரெவிட் கற்றுக்கொள்வது வீணா?

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாடலாகப் போடும் ரெவிட் மென்பொருள் வகுப்பில் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. முதுகில் ஸ்கேனரோடு நடக்கும் ரோபோ நாயை யூடியூபில் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது "அப்போ கட்டின பீஸ் போச்சா" என்று கேட்டிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பது வருடமாக இதே வேலை, முதல் ஐந்து வருடம் கோவையில், இப்போது துபாயில். பீஸ் வீண் இல்லை. ஆனால் வகுப்பில் சொல்லித்தருவதோடு நின்றுவிட்டால் கஷ்டம்தான்.

கோவையில் எங்கள் வேலை என்னவென்றால், வெளிநாட்டில் ஒருவர் பழைய கட்டடத்துக்குள் லேசர் ஸ்கேனரை வைத்துக் கோடிக்கணக்கான புள்ளிகளாக எடுத்து அனுப்புவார், நாங்கள் அந்தப் பாயிண்ட் கிளவுட் மேல் சுவர், கதவு, உத்திரம் என்று ரெவிட்டில் மாடல் போடுவோம். சேர்ந்த இரண்டாவது மாதம் லண்டனில் ஒரு பழைய வரிசை வீட்டைக் கொடுத்தார்கள். சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு புடைப்பு, எல்லா மாடியிலும் அதே இடத்தில். நான் தூண் என்று போட்டுவிட்டேன். டீம் லீடாக இருந்த அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குளிர் ஊர்ல ரூமுக்கு ரூம் கணப்பு வெச்சிருப்பாங்க தம்பி, இது அதோட புகைபோக்கி, உள்ளே வெறும் ஓட்டை" என்றார். அதைத் தூண் என்று நம்பி ஒருவர் அதன் மேல் இரும்பு உத்திரத்தை உட்கார வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் புகைபோக்கியைப் பார்த்ததே இல்லை, அதுதான் விஷயம்.

ஏஐ-க்கும் இதே சிக்கல் இருக்கிறது. பாயிண்ட் கிளவுட் ஆராய்ச்சியில் ஏஐ-யைப் பழக்க நிறையப் பேர் பயன்படுத்தும் ஒரு தரவுத் தொகுப்பு 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்தது. அதில் இருப்பது 13 வகைப் பொருள். கூரை, தரை, சுவர், உத்திரம், தூண், ஜன்னல், கதவு, நாற்காலி, மேசை, சோபா, புத்தக அலமாரி, போர்டு, இவை எதிலும் அடங்காததெல்லாம் 'கிளட்டர்'. புகைபோக்கி கிடையாது, குழாய்க்கும் தனி வகை கிடையாது. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் வேறு தரவும் சேர்த்துத்தான் பழக்குகின்றன, சரி. ஆனாலும் பழகியதைத்தான் அது அடையாளம் காணும்.

"இவர் பழைய ஆள், புதுசைக் கண்டால் பயம்" என்று யாராவது கமெண்டில் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், நான் ஏஐ-யைத் தினமும் பயன்படுத்துகிறேன், ரோபோவோடும் வேலை பார்த்திருக்கிறேன். போன வருடம் ஒரு பழைய அலுவலகக் கோபுரத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு ரோபோ நாயை வாடகைக்கு எடுத்தார்கள். எடை முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒரு பேட்டரிக்கு ஒன்றரை மணி நேரம் நடக்கும், படியெல்லாம் அழகாக ஏறுகிறது. நாங்கள் இரண்டு பேர் ஸ்கேனரை முக்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று ராத்திரி அலைய வேண்டிய பார்க்கிங் தளங்களை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது. தானாகச் சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகளை மட்டும் அதனால் திறக்க முடியவில்லை, அது கை பொருத்தாத மாடல். செக்யூரிட்டியில் இருந்த நேபாளி அண்ணன் ஒருவர் விடிய விடிய முன்னால் போய் ஒவ்வொரு கதவாகப் பிடித்துக்கொண்டு நின்றார், ஸ்கேனில் தன் உருவம் விழக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு. வேலை முடிந்து கொடுத்த அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, எனக்கு இன்னும் வருத்தம்தான்.

லிஃப்ட் லாபியில் பெரிய கண்ணாடி. லேசர் அதில் பட்டுத் திரும்பியதில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு லாபி முளைத்திருந்தது, ஏஐ அதற்கும் சுவர் போட்டிருந்தது. அது பார்த்தாலே தெரிகிற தப்பு, அழித்துவிட்டோம். பயப்பட வேண்டியது பார்த்தால் தெரியாத தப்புக்குத்தான்.

பிளான்ட் ரூமில், அதாவது ஏசி இயந்திரங்களும் பம்ப்புகளும் இருக்கும் அறையில், குளிர்நீர்க் குழாய்கள். ஏஐ புள்ளிகளை உருளையாகப் பொருத்தி விட்டம் 268 மி.மீ. என்று எடுத்து, அதற்குப் பக்கத்தில் இருக்கும் நிலையான வெளிவிட்டம் 273 என்பதால் 10 இஞ்ச் குழாய் என்று போட்டுவிட்டது. மாடலில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. எனக்கு மட்டும் அந்தப் பம்ப்புக்கு இவ்வளவு பெரிய குழாயா என்று உறுத்தல். நேரில் போனேன். ஒரு வால்வு பக்கத்தில் குழாயைச் சுற்றிய இன்சுலேஷன் உறையைக் கழற்றிவிட்டுத் திரும்ப மூடாமல் விட்டிருந்தார்கள், குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு, ஃபிளாஞ்ச், தெரிந்தது. போல்ட்டை எண்ணினேன், எட்டு. 10 இஞ்சுக்குப் பன்னிரண்டு இருக்கும், எட்டு என்றால் அதைவிடச் சின்னது. அது 6 இஞ்ச் குழாய், வெளிவிட்டம் 168 மி.மீ., சுற்றிலும் 50 மி.மீ. இன்சுலேஷன், இரண்டு பக்கமும் கூட்டினால் சரியாக 268. அப்படியே போயிருந்தால், இரண்டரை மடங்குக்கும் மேல் தண்ணீர் போகும் என்று நம்பி டிசைன் டீம் மேல் மாடிகளுக்கு ஏசி கணக்குப் போட்டிருக்கும். போல்ட் கணக்கு எனக்கு எந்த வகுப்பிலும் வரவில்லை. டிப்ளமோ லீவில் மாமாவோடு ஏசி குளிர்நீர்க் குழாய் வேலைக்குப் போனபோது ஃபிளாஞ்ச் முடுக்கிய பழக்கம்.

ஸ்கேன் இருந்தால் போதும் என்பதற்குப் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை உதாரணம் காட்டுவார்கள். 2010-ல் எடுத்த ஸ்கேன், நூறு கோடிக்கு மேல் புள்ளிகள், 2019 தீ விபத்துக்கு அப்புறம் பெரிதும் கைகொடுத்தது, உண்மை. ஆனால் அந்த ஸ்கேனை எடுத்த ஆண்ட்ரூ டாலன் கோதிக் கட்டடங்களை ஆராய்ந்த பேராசிரியர். ஸ்கேனரை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தார்.

அதனால் ரெவிட்டை முடியுங்கள், கூடவே தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரி பிளான்ட் ரூமுக்குள் போய்விட்டு வாருங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் போகிறது, எதில் திரும்புகிறது என்று ஆபரேட்டரிடம் கேட்டால் ஆசையாகச் சொல்லித்தருவார்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் முதல் கம்பெனியில் இரண்டு வருட பாண்டு என்று சொல்லி ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துபாய் வேலைக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு வேலை வந்தது, சர்டிஃபிகேட் கையில் இல்லாததால் போனது. எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.