ஜெயித்தால் 30 சதவீதம், தோற்றால்? வாசகர்களின் வரிக் கேள்விகள்

2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தயார் செய்யும் வாசகர்களுக்காக, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் ஆன்லைன் கிரிக்கெட் பந்தயம், ஃபேன்டசி செயலிகள் (வீரர்களைத் தேர்ந்து நாமே அணி அமைத்துப் பணம் கட்டி ஆடுபவை) பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை.

ஓசூர் சிப்காட்டில் வேலை. வருடச் சம்பளம் 6 லட்சம். 2025 ஐ.பி.எல். சமயத்தில் ஃபேன்டசி செயலியில் 80,000 ரூபாய் ஜெயித்தேன். 24,000 பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பினார்கள். 12 லட்சம் வரை வரியே கிடையாது என்கிறார்களே, கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 24,000 திரும்பி வருமா?

வராது. நீங்கள்தான் இன்னும் 960 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

12 லட்சம் வரை வரி இல்லை என்பது 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வருவது. புதிய வரி முறையில், சாதாரண விகிதத்தில் வரி போடப்படும் வருமானத்துக்கு மட்டுமே அது பொருந்தும். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 115பிபிஜே என்று தனிப் பிரிவு, தனி விகிதம்: நேராக 30 சதவீதம். 2025-26 முதல் இத்தகைய தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அடிப்படை விலக்கு வரம்பையும் இதில் கழிக்க முடியாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 லட்சத்தில் நிலைக் கழிவு 75,000 போக 5,25,000. அதற்கு வரி 6,250. தள்ளுபடியில் அது பூஜ்யமாகிவிடும். 80,000க்கு 30 சதவீதம் 24,000, அதன் மேல் 4 சதவீத செஸ் (வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் வரி) 960. மொத்தம் 24,960. செயலி நிறுவனம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கும்போது செஸ் சேர்ப்பதில்லை. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ‘டி.டி.எஸ். பிடித்தாயிற்று, கதை முடிந்தது’ என்று இருந்துவிடாதீர்கள். தாக்கல் செய்வதற்கு முன் வருமான வரித் தளத்தின் ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில், சுய மதிப்பீட்டு வரி (குறியீடு 300) என்று தேர்ந்தெடுத்து 960 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

அடுத்து, படிவம். எளிய சம்பளக் கணக்குக்கான ஐ.டி.ஆர்-1 உங்களுக்குச் செல்லாது. தனி விகித வருமானம் இருப்பவர் ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். வியாபார வருமானமும் இருந்தால் ஐ.டி.ஆர்-3. ‘இதர வருமானம்’ அட்டவணையில் ஆன்லைன் விளையாட்டுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, 80,000த்தை அதில் எழுதுங்கள். அதே அட்டவணையின் கடைசியில், எந்தக் காலாண்டில் வந்த பணம் என்று பிரித்துக் கேட்பார்கள். அதையும் நிரப்ப வேண்டும். டி.டி.எஸ். அட்டவணையில் 194பிஏ பிரிவில் 24,000 ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தோடு (உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியின் பதிவு) ஒப்பிடுங்கள். பழக்க தோஷத்தில் ஐ.டி.ஆர்-1 போட்டால் ‘குறைபாடுள்ள கணக்கு’ என்று நோட்டீஸ் வரும். அதைத் திருத்த 15 நாள் அவகாசம் தருவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். 12 லட்சம் என்ற வரம்பைப் பார்க்கும்போது ஜெயித்த பணத்தையும் சேர்த்தே மொத்த வருமானத்தைப் பார்ப்பார்கள். சம்பளம் 11 லட்சத்தைத் தாண்டியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். விளையாட்டுப் பணம் உங்களை 12 லட்சத்துக்கு மேலே தள்ளினால், சம்பளத்துக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியும் பாதிக்கப்படும்.

டி.டி.எஸ். கணக்கே புரியவில்லை. சில முறை பணம் எடுத்தபோது ஒன்றும் பிடிக்கவில்லை, ஒரு முறை மட்டும் மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். – கிருஷ்ணகிரி வாசகர்

2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாகப் பார்ப்பதில்லை. அந்த நிறுவனத்தில் உங்களுக்கு உள்ள எல்லாக் கணக்குகளையும் சேர்த்து ‘நிகர வெற்றி’யைப் பார்க்கிறார்கள். இதுவரை எடுத்த தொகையிலிருந்து, நீங்கள் போட்ட பணத்தையும் ஏப்ரல் 1 அன்று இருந்த ஆரம்ப இருப்பையும் கழிக்க வேண்டும்.

ஆரம்ப இருப்பு இல்லை, 20,000 போட்டீர்கள் என்று வையுங்கள். முதலில் 15,000 எடுக்கிறீர்கள். போட்டதைவிடக் குறைவு, எனவே பிடித்தம் இல்லை. அடுத்து 25,000 எடுக்கிறீர்கள். எடுத்தது மொத்தம் 40,000, போட்டது 20,000, நிகர வெற்றி 20,000. பிடித்தம் 6,000. உங்களுக்கு ‘மொத்தமாகப் பிடித்தது’ இப்படித்தான்.

அதன் பிறகு இன்னொரு 10,000 போட்டு, 5,000 மட்டும் எடுத்து, மார்ச் 31 அன்று இருப்பு பூஜ்யம் என்றால் வருடத்தின் நிகர வெற்றி 15,000தான். அதற்கு 30 சதவீதம் 4,500, செஸ்ஸோடு 4,680. பிடித்ததோ 6,000. மீதி 1,320 ரூபாயைக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம். இதற்குச் செயலியின் முழு வருடப் பணப் பதிவு கையில் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் பல நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்திவிட்டன. செயலியில் உங்கள் கணக்குக்குள் நுழைய முடிகிறபோதே அந்தப் பதிவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்காமல் செயலியிலேயே விட்டுவைத்தால் வரியிலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். மார்ச் 31 அன்று உள்ள இருப்பையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். நிறுவனம் தரும் போனஸ் நீங்கள் போட்ட பணமாகக் கழியாது. ஒரு மாதத்தில் நிகர வெற்றி 100 ரூபாய்க்குள் இருந்தால் எடுக்கும்போது பிடித்தம் வேண்டாம் என்று விதிவிலக்கு உண்டு, அவ்வளவே.

ஒரு செயலியில் 60,000 லாபம், இன்னொன்றில் 90,000 நஷ்டம். மொத்தத்தில் 30,000 போனது என் பணம். இதற்கும் வரியா? – ஊத்தங்கரை வாசகர்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் 60,000த்துக்கு வரி உண்டு. கழிப்பது ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான், டி.டி.எஸ். நிறுவனவாரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. 90,000 நஷ்டத்தைச் சம்பளத்திலோ வாடகையிலோ கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பூஜ்யம் என்று போட்டால், வருடாந்தரத் தகவல் அறிக்கையில் (ஏ.ஐ.எஸ்.) உள்ள தொகையோடு ஒத்துப்போகாமல் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். நெட் செலவு, எந்த அணி ஜெயிக்கும் என்று டிப்ஸ் சொன்னவருக்குத் தந்த பணம் எதையும் செலவாகக் காட்ட இடமில்லை. இந்த வரி ஜெயிப்பை மட்டுமே பார்க்கிறது. போட்ட பணத்தின் மேல் 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருந்தது, அதையும் திரும்பப் பெற வழியில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன், வயது 62. வேறு வருமானம் இல்லை. மகன் என் பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் வைத்து 2024-25இல் விளையாடியிருக்கிறான். ஏ.ஐ.எஸ்.இல் 90,000 ஜெயித்ததாக, 27,000 பிடித்ததாக இருக்கிறது. நான் கணக்கே தாக்கல் செய்ததில்லை.

மாங்காய் விற்ற பணத்துக்கு வரி இல்லை. 90,000த்துக்கு உண்டு. ‘இது என் வருமானம் இல்லை’ என்று ஏ.ஐ.எஸ்.இல் பதில் பதிய வசதி இருக்கிறது. ஆனால் கணக்கு உங்கள் பெயரில், பணம் வந்ததும் உங்கள் வங்கியில். அப்படிப் பதிந்துவிட்டு நிரூபிப்பது கடினம். வரியின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டதால், ஒப்புக்கொண்டு முடிப்பதே சுலபம் என்பது எங்கள் கருத்து. மொத்த வரி 28,080, பாக்கி 1,080.

60 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு டி.டி.எஸ். 25,000 ஆனாலே தாக்கல் கட்டாயம். உங்கள் வயதுக்கு அந்த வரம்பு 50,000 என்பதால் அந்த விதி உங்களைப் பிடிக்காது. இருந்தாலும் பாக்கி பாக்கிதான். ஐ.டி.ஆர்-யு என்ற புதுப்பித்த கணக்கு வழியாக 2027 மார்ச் 31க்குள் தாக்கல் செய்தால், பாக்கி வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். தள்ளிப் போட்டால் அது 50, 60, 70 என ஏறும்.

உடனே செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. அந்த வங்கிக் கணக்கின் யு.பி.ஐ. ரகசிய எண்ணை மாற்றுங்கள். மகனின் ஃபோனில் உங்கள் சிம் இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் கடன் செயலிகளில் கடன் வாங்கியிருக்கிறாரா என்று கடன் தகவல் அறிக்கையைப் பாருங்கள். அவரால் விளையாட்டை விட முடியவில்லை என்றால் திட்டித் தீர்த்துப் பயனில்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

பந்தயத் தளம் ஒன்றில் 4 லட்சம் ஜெயித்ததாகக் காட்டுகிறது. 30 சதவீத வரி 1,20,000 ரூபாயை முதலில் அனுப்பினால்தான் பணத்தை விடுவிப்போம் என்கிறார்கள். யு.பி.ஐ. எண் கொடுத்திருக்கிறார்கள். – தர்மபுரி வாசகர்

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இது மோசடி. பணப் பரிசு என்றால் வரியை அந்தப் பரிசிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். டி.டி.எஸ். பிடிக்கும் நிறுவனத்துக்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) இருக்கும், பிடித்த தொகை உங்கள் 26ஏஎஸ்-இல் ஏறும். தனிநபர் யு.பி.ஐ.க்கு வரி கட்டும் முறை இந்த நாட்டில் கிடையாது. பைக், ஃபோன் போல் பொருளாகப் பரிசு விழுந்தால் மட்டும் முன்கூட்டியே வரி கட்ட நேரிடலாம். அதையும் உங்கள் பான் எண்ணில், அரசு செலான் வழியாகக் கட்டலாம்.

1,20,000 அனுப்பினால் அடுத்து ‘ஜி.எஸ்.டி.’, அதன் பிறகு ‘கணக்கு சரிபார்ப்புக் கட்டணம்’ என்று கேட்பார்கள். திரையில் தெரியும் 4 லட்சம் வெறும் எண். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டுப் பந்தயத் தளத்தில் ஏஜென்ட் மூலம் ஆடினேன். ஜெயித்த 1,80,000 வெவ்வேறு ஆட்களின் கணக்கிலிருந்து வந்தது. இப்போது வங்கி என் கணக்கை முடக்கிவிட்டது. 30 சதவீதம் வரி கட்டினால் சட்டப்படி சரியாகிவிடுமா? – பாலக்கோடு வாசகர்

வரி வேறு, சட்டப்படி சரியா என்பது வேறு. சட்டவிரோதமாக வந்த வருமானத்துக்கும் வரி உண்டு, ஆனால் வரி கட்டியதால் அந்தச் செயல் சட்டப்படியானதாக ஆகாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை; நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணம் கைமாற்றுபவர் மீதே பாய்கிறது. வெளிநாட்டுக்கு நீங்களே பணம் அனுப்பியிருந்தால் அந்நியச் செலாவணிச் சட்டப் பிரச்சினையும் சேரும்.

வரியைப் பொறுத்தவரை, இந்தத் தளங்கள் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. முழு 31.2 சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும். காட்டாமல் விட்டு, வங்கியில் வந்த பணத்துக்கு விளக்கமும் தர முடியாவிட்டால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வருடங்களுக்கு 60 சதவீத வரி, சர்சார்ஜ் (இன்னொரு கூடுதல் வரி), செஸ் சேர்ந்து 78 சதவீதம்.

கணக்கு முடங்கியதற்குக் காரணம் அநேகமாக வரி அல்ல. இத்தகைய தளங்கள் வாடகைக்கு எடுத்த ஆட்களின் கணக்குகள் வழியாகப் பணம் விடுகின்றன. அதில் ஒன்று எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணமாக இருந்து அவர் புகார் கொடுத்தால், அந்தத் தடத்தில் உள்ள எல்லாக் கணக்குகளும் நிறுத்தப்படும். வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாக மூன்று விவரம் கேளுங்கள்: புகார் எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு லியன் (எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்தல்). சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விடுவிக்கும்படி மனுக் கொடுங்கள். காவல் நிலையத்துக்குப் பதில் எழுதுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். ஏஜென்ட்டுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ‘வேறு ஒருவர் கணக்குக்கு வாங்கித் தருகிறேன்’ என்று அந்த ஏஜென்ட் இப்போது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அந்த வேறு ஒருவரின் கணக்கும் நாளை முடங்கும்.

2026 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பணத்துக்கு விகிதம் மாறிவிட்டதா? – அரூர் வாசகர்

இல்லை. ‘வருமான வரிச் சட்டம், 2025’ என்ற புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 30 சதவீதம் அப்படியே இருக்கிறது. 2025-26இல் வந்த பணத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். அதற்கு ஐ.டி.ஆர்-2 தாக்கல் செய்ய 2026 ஜூலை 31 கடைசி நாள்.