நோர்வேயில் ஈஸ்டருக்கு விடுதி விடுதியாகப் போகும் ஸ்கீ பயணத்தில், வளர்ந்த பிறகு ஸ்கீ பழகிய ஒருவர் சேரலாமா?

சேரலாம். ஆனால் "வேலையிடத்து ஆக்கள் கூப்பிடுகிறார்கள், மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காரணத்துக்காகப் போகாதீர்கள்.

நீங்கள் ஒஸ்லோப் பக்கம் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு லைட் போட்ட காட்டுத் தடத்தில் ஓடிப் பழகியவர் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே மெஷின் கோடு போட்டிருக்கும், அதில் ஸ்கீயை வைத்தால் அது தன்பாட்டில் போகும். மலையில் அந்தக் கோட்டை எதிர்பார்க்காதீர்கள். பனியில் வரிசையாகக் குத்தி வைத்த மரக்கிளைகள்தான் வழி, ஒன்றைத் தாண்டி அடுத்தது எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். ஸ்கீயும் வேறு, கொஞ்சம் அகலம், ஓரத்தில் இரும்பு விளிம்பு.

நான் போனது வழிகாட்டியோடு போகும் ஒரு குழுவில், பின்சேயிலிருந்து. பின்சேக்குக் கார் போகிற ரோட்டே கிடையாது, பேர்கன் ரயிலில் போய் 1222 மீற்றர் உயரத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்துக்குள் கிரேக்யா விடுதி, பிறகு ஷெல்டெபு, பிறகு திரும்பப் பின்சே. குழுவில் கறுத்த ஆள் நான் மட்டும்தான். ரயிலில் எதிரே இருந்த ஒரு நெட்டை மனிதர் "முதல் தடவையா?" என்று கேட்டார், ஓம் என்றேன், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார்.

ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். ஸ்கீக்கு அடியில் ஒரு பட்டி மாட்டிவிட்டால் பின்னுக்கு வழுக்காது, மூச்சு இருந்தால் ஏறலாம். ஆளைச் சோதிப்பது இறக்கம்தான். விழுவதுகூடப் பரவாயில்லை, முதுகில் பையோடு எழும்புவதுதான் பெரும்பாடு.

கிரேக்யாவிலிருந்து வெளிக்கிட்ட அன்று காற்று எழும்பியது. விழுகிற பனியா, நிலத்திலிருந்து கிளம்புகிற பனியா என்று தெரியாத வெள்ளை. அடுத்த கிளை தெரியவில்லை. வழிகாட்டிப் பெண் நின்றார். நெட்டை மனிதர் "அரைவாசித் தூரம் வந்தாச்சே" என்று தொடங்கினார். வழிகாட்டி "எட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கீயைத் திருப்பினார். இந்நாட்டு மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. 1967 ஈஸ்டரில் மலையில் 18 பேர் செத்த பிறகு நாடு முழுக்கப் பிரசாரம் செய்து மனதில் ஏற்றிய விதிகள் அவை. நெட்டை மனிதருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும். எனக்கு அன்று ஏமாற்றம் ஒன்றும் வரவில்லை, நிம்மதிதான். கோழை என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். திரும்பி வந்தபோது விடுதி நிரம்பி வழிந்தது, ஆனாலும் போ என்று யாரையும் சொல்லவில்லை, நிலத்தில் மெத்தை போட்டுத் தந்தார்கள்.

அங்கே இரவுச் சாப்பாடு ஏழு மணி என்றால் ஏழு மணி. காற்றிலும் பனியிலும் வந்து சேர்ந்த அத்தனை பேரும் ஏழு மணிக்குக் கதிரையில். எங்கள் ஆக்கள் மண்டபம் எடுத்துச் செய்கிற பிறந்தநாளுக்கு ஐந்து மணி என்று கார்டில் அடித்துவிட்டு, கேக் வெட்டுவது எட்டரைக்கு. ரோட்டில் பனியாம். அந்த மண்டபத்துக்கு முன்னால் மெட்ரோ நிற்கிறது ஐயா! சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

இன்னொன்று, இது பணக்காரர் விளையாட்டு என்று யாராவது கீழே எழுதுவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். விடுதிச் செலவு மலிவில்லை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கீயும் சப்பாத்தும் நான் பாவித்ததாகத்தான் வாங்கினேன். ஷெல்டெபு மாதிரி ஆக்கள் நின்று சமைத்துத் தராத இடங்களில் செலவு குறையும், அங்கே களஞ்சிய அறையில் டின் சாப்பாடும் மாவும் அடுக்கியிருக்கும், எடுத்ததை நீங்களே எழுதிக் காசு கட்டிவிட்டு வர வேண்டும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கள்ளம் செய்யலாமா என்று கேட்டுவிடாதீர்கள், என் மச்சான் கேட்டுவிட்டான்.

கூப்பிடுகிற வேலையிடத்து ஆக்களிடம் ஓம் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். நீளமான நாளில் எத்தனை கிலோமீற்றர்? காற்று வந்தால் திரும்புவது என்று யார் முடிவெடுப்பது? இரண்டாவதுக்குச் சிரித்து மழுப்பினால் அவர்களோடு போக வேண்டாம், வழிகாட்டியோடு போகும் குழுவில் காசு கட்டிச் சேருங்கள். அதற்கு முன் ஒரு நாளாவது, பையில் பாரம் ஏற்றிக்கொண்டு கோடு போடாத இடத்தில் இறங்கிப் பாருங்கள். புதுச் சப்பாத்தை மட்டும் நேரே மலைக்குக் கொண்டு போகாதீர்கள்.