கடைசிப் பாட்டும் கார்ட்ரிட்ஜும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என்னிடம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2 ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. பழையதாக வாங்கிச் சில மாற்றங்கள் செய்தேன். ஊசியைத் தட்டின் மேல் ஏந்தும் டோன்ஆர்முக்குள் புது ஒயர், பின்னால் ஆர்.சி.ஏ. சாக்கெட், அதிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ உள்ளீட்டுக்கு இரண்டு மீட்டர் கேபிள், வெளியே எடுத்துவைத்த பவர் சப்ளை, ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஒரிஜினல் ஹெட்ஷெல்லுக்குப் பதில் 13 கிராம் மர ஹெட்ஷெல். ஊசியும் அதன் அசைவை மின்சாரமாக்கும் காயிலும் அடங்கிய கார்ட்ரிட்ஜ், ஆர்டோஃபோன் 2எம் ரெட்.

இரண்டு குறைகள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வரும்போது ‘ச’, ‘ஸ’ எல்லாம் சீறுகின்றன. எண்பதுகளின் இளையராஜா தட்டுகளில் ஜானகி அம்மா குரலில் இது தாங்க முடியவில்லை. இன்னொன்று, லேசாக வளைந்த தட்டு ஓடினால் ஸ்பீக்கரின் வூஃபர் கோன் உள்ளும் வெளியும் ஆடுகிறது. 2எம் பிளாக் கார்ட்ரிட்ஜ் வாங்கலாமா, டெனான் டி.எல்.-103 வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எது சரி?

எஸ்.ஆர்., கோவை

அன்புள்ள எஸ்.ஆர்.,

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த ஒரிஜினல் ஹெட்ஷெல்லைத் தேடி எடுத்து மாட்டுங்கள். பணம் செலவழிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

கோன் ஆடுவதற்குக் காரணம் மர ஹெட்ஷெல்தான் என்பது என் கணிப்பு. ஊசியைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவு ஆர்மை ஆட்டிவைக்கும், மேலே போனால் பாட்டின் பேஸில் கைவைக்கும். கணக்கு எளிது. மொத்த எடையை ரப்பரின் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

உங்கள் ஆர்மின் செயல் எடை, அதாவது ஊசி இருக்கும் இடத்தில் உணரப்படும் எடை, ஒரிஜினல் 7.5 கிராம் ஹெட்ஷெல்லோடு சேர்த்து சுமார் 12 கிராம். மர ஹெட்ஷெல் அதை 17.5 ஆக்கிவிட்டது. ஊசிக்கு மிக அருகில் ஏறும் எடை என்பதால் கிட்டத்தட்ட முழுதாகவே கணக்கில் சேரும். 2எம் ரெட்டின் எடை 7.2 கிராம், திருகுகளுக்கு ஒரு கிராம், நெகிழ்வு எண் 20. கணக்குப் போட்டால் 7 ஹெர்ட்ஸ் வருகிறது. 2எம் பிளாக் இன்னும் நெகிழ்வானது, அதன் எண் 22. அதே ஹெட்ஷெல்லில் மாட்டினால் 6.7 ஹெர்ட்ஸ். அத்தனை பணம் கொடுத்தும் கோன் இன்னும் அதிகமாகத்தான் ஆடும். பழைய ஹெட்ஷெல்லுக்குத் திரும்பினாலே ரெட் ஏறக்குறைய 8-ஐத் தொட்டுவிடும்.

இப்போது சீறலுக்கு வருவோம். 33⅓ வேகத்தில் ஓடும் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் நகர்கிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) நீளத்தில் தாராளமாகப் பதிந்திருக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. ரெட்டின் நீள்வட்ட ஊசி சுவரைத் தொடும் இடத்தின் ஆரம் 8 மைக்ரான். அந்த நெளிவுக்குள் அது சிரமப்பட்டுத்தான் நுழைகிறது. டி.எல்.-103-இன் ஊசியோ உருண்டை முனை, ஆரம் 16.5 மைக்ரான். அதனால் நுழையவே முடியாது.

டி.எல்.-103 மேல் எனக்கு மரியாதை உண்டு. ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக 1960களில் உருவானது இன்றும் விற்பனையில் இருக்கிறது. நடுக்குரலுக்கு அது தரும் சதைப்பற்றை விரும்பாதவர்கள் குறைவு. கனமான ஆர்ம் கேட்கும் கார்ட்ரிட்ஜ் என்பதால் உங்கள் மர ஹெட்ஷெல்லுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான், ரெட் தருவது 5.5. ஆம்ப்ளிஃபையரில் இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்துக்கான மூவிங் காயில் உள்ளீடு இல்லையென்றால், அதை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். ஹெட்ஷெல்லும் அதுவும் சேர்ந்தால் ஆர்மின் பின்முனையில் சமன் செய்யும் கவுன்டர்வெயிட்டுக்கும் கூடுதல் எடை தேவைப்படும். இவ்வளவும் செய்த பிறகும் ஜானகி அம்மாவின் ‘ச’ சீறிக்கொண்டுதான் இருக்கும்.

என் பரிந்துரை ஆடியோ-டெக்னிகா ஏ.டி.-வி.எம்.95 எம்.எல். அதன் மைக்ரோலீனியர் முனை சுவரைத் தொடும் ஆரம் சுமார் 3 மைக்ரான். எடை 6.1 கிராம். ஒரிஜினல் ஹெட்ஷெல்லில் மாட்டினால் என் கணக்குப்படி 9 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே நிற்கும், அதாவது சரியான இடத்தில். ஊசியின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று நிறுவனம் சொல்கிறது, அவர்களுடைய நீள்வட்ட ஊசிக்கு 300. விலை 2எம் பிளாக்கைவிடப் பல மடங்கு குறைவு. ரெட்டின் உடலிலேயே 2எம் புளூ ஊசியைச் செருகலாம் என்று யாராவது சொல்வார்கள். செருகலாம், தெளிவும் கூடும். ஆனால் அதுவும் நீள்வட்டம்தான். கடைசிப் பாட்டில் முழு நிவாரணம் கிடைக்காது.

வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள். சீறலில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) இருப்பது சாதாரணம். இரண்டு மீட்டருக்கு 200, ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் இன்னொரு 200 இருந்தால் 400 ஆகிவிடும். ரெட்டுக்கு ஆர்டோஃபோன் சொல்வது 150 முதல் 300 வரை. 400-இல் கார்ட்ரிட்ஜின் காயிலோடு சேர்ந்து வரும் மின் ஒத்ததிர்வு (ஓர் அதிர்வெண்ணை எடுப்பாக்கும் விளைவு) 9,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், சகர ஒலிகள் வாழும் பகுதிக்கே. வி.எம்.95 கேட்பது அதைவிடக் குறைவு, 100 முதல் 200 வரை. கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் ஹெட்ஷெல்லைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்கிய பிளக்கின் நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். அதோடு ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மதிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதிகமென்றால் ஒரு மீட்டருக்கும் குறைவான, கெபாசிட்டன்ஸ் குறைந்த கேபிள் போடுங்கள்.

புது ஒயர் விறைப்பாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியில் வைத்து, ஆர்ம் அந்தரத்தில் நிற்கும்படி எடையைச் சமன் செய்யுங்கள். தட்டுக்கு மேலே ஆர்மைக் கொண்டுவந்து லேசாக ஊதுங்கள். ஊதிய திசையில் மிதந்துபோய் நின்றால் நல்லது. எங்கே தள்ளினாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால், அடித்தண்டில் ஒயர் முறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒயர் மாற்றியவரிடமே கொண்டுபோய் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். இது சரியாகாமல் எந்த ஊசி போட்டாலும் ஒரு சுவரையே அதிகம் அழுத்தும்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். மைக்ரோலீனியர் முனை கோணப் பிழையைப் பொறுத்துக்கொள்ளாது. ஹெட்ஷெல்லின் பின் வளையத்திலிருந்து ஊசி முனை 52 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது டெக்னிக்ஸ் கணக்கு. நேர் பார்க்கும்போது கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்க்காமல் ஊசி ஒட்டியிருக்கும் மெல்லிய தண்டைப் பாருங்கள், சில பிரதிகளில் அது உடலுக்குச் சற்றே கோணலாக வரும். பிறகு ஊசியை ஒரு சிறு கண்ணாடியின் மேல் இறக்கி, முன்னாலிருந்து ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்டும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஊசி தட்டின் மேல் தரும் அழுத்தம் 2 கிராம். அதைக் கவுன்டர்வெயிட் எண்ணை நம்பி விடாமல் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து உறுதிசெய்யுங்கள்.

பவர் சப்ளையை வெளியே எடுத்தது பற்றிக் கவலை வேண்டாம், கார்ட்ரிட்ஜ் தேர்வை அது பாதிக்காது. மூர் மார்க்கெட்டில் வாங்கும் கீறல் விழுந்த தட்டுகளுக்கு இந்த நல்ல ஊசியைத் தேய்க்க வேண்டாம் என்று தோன்றினால், அதே உடலில் செருகும் வி.எம்.95 சி உருண்டை ஊசி மலிவாகக் கிடைக்கிறது. இழுத்துச் செருகினால் போதும். அழுத்தமும் அதே 2 கிராம்தான்.