சி மொழியில் தமிழ் ஸ்டிரிங்கை வைட் கேரக்டராக மாற்றினால் -1 வருவது ஏன்?

ஸ்டிரிங்கின் பைட்டுகளை வைட் கேரக்டராக (ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு இடம் எடுக்கும் கேரக்டர் வகை) மாற்றும் எம்பிஎஸ்டூடபிள்யூசிஎஸ் (mbstowcs) ஃபங்ஷனுக்கு இங்கிலீஷ் கொடுத்தால் ஓடுகிறது, தமிழ் கொடுத்தால் -1 வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மெயினின் முதல் வரியில் செட்லோகேல்(எல்சி_ஆல், "") இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. எந்த சி புரோகிராமும் 'சி' என்ற லோகேலில்தான் (மொழி, எழுத்து முறைக்கான அமைப்பு) தொடங்கும். உங்கள் டெர்மினல் யூடிஎஃப்-8ல் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) இருப்பதை அந்த வரியால் நாம் சொன்னால்தான் புரோகிராமுக்குத் தெரியும். தெரியாதவரை தமிழ் பைட்டுகளைப் படிக்க முடியாமல் -1 தரும்.

நான் மாட்டியது கிருஷ்ணகிரியில், ஒரு மாங்காய் மண்டிக்கு பில் புரோகிராம் எழுதியபோது. ஊர்ப் பெயரை 20 பைட்டோடு வெட்டும்படி வைத்திருந்தேன். போச்சம்பள்ளி என்று அடித்தால் ஸ்கிரீனில் "போச்சம" வரை வந்தது, அப்புறம் கறுப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி. "ஊரையே பாதியா வெட்டிட்டீங்களே" என்றார் மண்டிக்காரர். யூடிஎஃப்-8ல் தமிழ் கேரக்டர் (புள்ளி, கொம்பு போன்றவையும் தனிக் கேரக்டர்தான்) ஒவ்வொன்றுக்கும் 3 பைட், போச்சம்பள்ளிக்கு 36. இருபதில் ஆறு கேரக்டர் முழுசாக வந்து, ஏழாவதான புள்ளிக்கு 2 பைட்தான் மிஞ்சியது.

சரி, வைட் கேரக்டருக்கு மாற்றுவோம் என்று போனால், உங்களுக்கு வந்த அதே -1. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. முதல் ஆர்க்யுமென்டில் நல் (எதையும் காட்டாத வெற்றுப் பாயின்டர்) கொடுத்து நீளம் வாங்கி, ஒன்று கூட்டி, மால்லாக் ஃபங்ஷனால் மெமரியில் இடம் ஒதுக்கியிருந்தேன். திரும்பி வருவது சைஸ்_டி என்ற எண் வகை, அதில் மைனஸ் கிடையாது. 64-பிட்டில் அந்த -1 என்பது 18446744073709551615. ஒன்று கூட்டினால் பூஜ்யம்! மால்லாக்கும் 0 பைட்டுக்கு வாயைத் திறக்காமல் ஒரு பாயின்டரைக் கொடுத்துவிட்டது. பில்லில் சில நாள் வெறும் இடம், சில நாள் குப்பை. அதனால் கூட்டுவதற்கு முன்பே (சைஸ்_டி)-1 தானா என்று பாருங்கள். இடம் ஒதுக்கும்போது நீளத்தை ஒரு வைட் கேரக்டரின் சைஸ்ஆஃப்பால் (பைட் அளவால்) பெருக்குங்கள். வைட் கேரக்டர் லினக்ஸில் 4 பைட், விண்டோஸில் 2. அந்தக் கூட்டும் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். இடம் சரியாக நிரம்பிவிட்டால், ஸ்டிரிங் முடிந்தது என்று காட்டும் நல் கேரக்டரைக் கடைசியில் போடாது.

இத்தனைக்கும் பிறகு போச்சம்பள்ளி 12 வைட் கேரக்டர், கண்ணுக்கு ஏழே எழுத்து. ஆறில் வெட்டினால் மறுபடி "போச்சம"தான்: கேள்விக்குறி போய்விட்டது, புள்ளியும் போய்விட்டது. வெட்டும் இடத்துக்கு அடுத்து புள்ளியோ காலோ கொம்போ நின்றால் ஒரு கேரக்டர் பின்வாங்கி வெட்டுங்கள். நான் கடைசியில் பில்லில் ஊர்க் கட்டத்தையே அகலமாக்கிவிட்டேன்.