பூனை இருக்கட்டும், அந்த நாய்க்குட்டி எப்படிச் செத்தது?

கொக்குவிலில் இருந்து எழுதிய சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் மூன்று பக்கங்களும் பூனையைப் பற்றியவை. பூனை மயிர் வயிற்றுக்குள் போனால் ஐந்து மாதக் கருவுக்குப் பழுது வருமா, மாமி சொல்வதுபோல் அதைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளி, கோழி, ஆட்டுப்பால் எல்லாம் வந்துபோன பிறகு கடைசியில் ஒரு வரி: தம்பி ஒழுங்கையில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்தார், விளையாடும்போது ஆறு வயது மகனின் விரலில் பல் பட்டு இரத்தம் வந்தது, குட்டி நாலாம் நாள் செத்துவிட்டது, அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் நீங்கள் இவ்வளவும் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் வாசித்த உடனேயே அழைத்தேன். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய விடயம் அல்ல அது. மகனுக்கு விசர் நோய்த் (ரேபிஸ்) தடுப்பூசியின் முதல் ஊசி போட்டாகிவிட்டது என்று இப்போது அறிகிறேன். மீதி ஊசிகள் தவறிவிடக் கூடாது என்பதற்காகவும், இதே நிலையில் பேசாமல் இருக்கும் வேறு வீடுகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

விசர்நாய் என்றதும் நுரை தள்ள ஓடிவந்து கண்டவரையெல்லாம் கடிக்கும் நாய்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அப்படியும் வரும். ஆனால் விசர் பிடித்த நாய் சத்தமே இல்லாமல் இருட்டு மூலையில் ஒதுங்கியும் படுத்திருக்கும். சோற்றை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாமல் தொண்டையைச் செருமும். மீன்முள் ஏதோ சிக்கிவிட்டது என்று எண்ணி வீட்டுக்காரர் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தேடுவார். உங்கள் தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறார். கையில் காயம் இல்லை, தனக்கு ஊசி தேவையில்லை என்கிறாராம். தோட்ட வேலை செய்பவரின் விரலில் கீறல் இல்லாத நாள் எது? அவரையும் இன்றே அனுப்புங்கள்.

குட்டிதானே என்ற பேச்சு வேண்டாம். பால்குடி மறக்காத குட்டிக்கும் விசர் வரும். தாய் நாய்க்குத் தடுப்பூசி போட்டார்களா என்பது ஒழுங்கையில் எடுத்த குட்டியைப் பொறுத்தவரை யாருக்குத் தெரியும்? அது வயிற்றுப்போக்கிலோ பூச்சியினாலோ செத்திருக்கவும் கூடும். உடனே அறிவித்திருந்தால் தலையைக் கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்திருக்கலாம். கோடிக்குள் புதைத்து நாள் கடந்துவிட்டதால் அந்த வழி இனி இல்லை. ஆகவே விசர் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள்: கடித்த அல்லது பிறாண்டிய நாயோ பூனையோ 14 நாளுக்குள் செத்தால், சோர்ந்தால், குணம் மாறினால், காணாமற்போனால், அது அவசரம். ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட, நலமாக இருக்கிற வீட்டு நாய் என்றால் அதைக் கட்டிவைத்துக் கவனித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம் என்று வைத்தியர் சிலவேளை சொல்வார். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வைத்தியர். அயலவரும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை.

இனி, நீங்கள் செய்தவை. காயத்துக்கு மஞ்சள் பூசினீர்கள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு அன்டிபயோட்டிக் வாங்கி ஐந்து நாள் கொடுத்தீர்கள். பக்கத்துத் தனியார் நிலையத்தில் ஏற்பு ஊசி போட்டீர்கள், அதோடு எல்லாம் சரி என்று இருந்துவிட்டீர்கள். ஏற்பு ஊசி டெட்டனஸுக்கு உரியது, விசர் நோயை அது தொடாது. அன்டிபயோட்டிக் பக்டீரியாவைக் கொல்லும், விசர் நோயைத் தருவது வைரஸ். பிள்ளையின் காயத்துக்கு என்ன மருந்து என்று மருந்துக்கடை மேசையில் தீர்மானிக்கும் பழக்கம் நம் ஊரில் என்றைக்குத்தான் நிற்குமோ. என்ன விலங்கு, அது இப்போது எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளில்தான் முழு விடயமும் இருக்கிறது.

பல் பட்ட உடனே செய்ய வேண்டியது மிக எளிது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சவர்க்காரம் அதைக் கரைத்து வைரஸை அழிக்கிறது. 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், பிள்ளை அழுதாலும் விடாதீர்கள். அதன்மேல் மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். பிறகு நேரே அரச வைத்தியசாலை. யாழ் போதனா வைத்தியசாலை தூரமென்றால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி இலவசம். காயம் ஆழமாக இருந்தால், முகத்திலோ கழுத்திலோ இருந்தால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிச் சீரமும், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியும், ஏற்றுவார்கள்.

பல் பட்டு ஒன்பது நாளாகிவிட்டது, இனிப் போய்ப் பயன் உண்டா என்று தொலைபேசியில் அழுதீர்கள். பயன் உண்டு. வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் அறிகுறி தோன்ற ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும். அந்த இடைவெளியில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளத்தான் ஊசி. 1885 இல் லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பூசி கொடுத்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கும் கடிபட்ட இரண்டு நாளுக்குப் பிறகுதான் அது கிடைத்தது, அவன் பிழைத்தான். தாமதம் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. தாமதமாகிவிட்டதே என்று போகாமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் எங்களிடம் மருந்து இல்லை. அப்படி ஒரு பிள்ளையின் கட்டிலருகே நிற்கும் வைத்தியருக்குச் செய்வதற்கு எதுவும் இருக்காது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று மாமி பயமுறுத்தியது பழைய தடுப்பூசியின் கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அட்டையில் எழுதித் தந்த தேதிகளை அப்படியே பின்பற்றுங்கள். கடைசி ஊசி ஒரு மாதமளவில் வரும், அதற்குள் காயம் ஆறி பிள்ளையும் ஓடி விளையாடும், இனி எதற்கு என்று தோன்றும். தோன்றினாலும் போங்கள். குட்டியைத் தூக்கிப் புதைத்தவர் நீங்கள் என்கிறீர்கள். உங்கள் கையில் வெடிப்போ கீறலோ இருந்ததா, எச்சில் பட்டதா என்று மகனின் அடுத்த ஊசிக்குப் போகும்போது வைத்தியரிடம் சொல்லுங்கள். தேவை என்று அவர் சொன்னால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி பாதுகாப்பானது. காயமில்லாத தோலில் நாய் நக்கியதற்கும், தடவிக் கொடுத்ததற்கும் ஊசி வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளியால் உங்களுக்கு இப்போது ஒன்றும் இல்லை, கூட்டை வேறு யாராவது துப்புரவு செய்யட்டும். கோழிக்கூட்டுக்குப் போய்வந்தால் கை கழுவுங்கள். ஆட்டுப்பாலை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கிறீர்கள், போதும். குட்டி விட்டுச் சென்ற புழு மண்ணில் இருக்கக்கூடும், மகனைச் செருப்போடு விளையாட விடுங்கள்.

ஆட்டுக்கொட்டிலில் எலி என்று எழுதியதை மட்டும் தாண்டிப்போக மாட்டேன். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். மழைக்காலத்தில் கணவர் வயலில் இறங்குவதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரையைக் கேட்டு வாங்கட்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் பரசிற்றமோலோடு வீட்டில் இருக்கக் கூடாது. அந்தத் தடுப்பு மாத்திரையை நீங்களாக எடுத்து விழுங்க வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு உரியதல்ல அது.

பூனைக்கு வருவோம். அதன் மயிர் கருவை ஒன்றும் செய்யாது. நீங்கள் பார்த்த காணொளியில் மயிர் கர்ப்பப்பையில் சுற்றிக்கொள்வதாகக் காட்டியது சுத்தப் பொய். சாப்பிட்டது கர்ப்பப்பைக்குப் போக வழியே இல்லை. கருவைப் பாதிக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி உண்மைதான், அது பூனையின் மலத்தில் வரும். ஆனால் பெரும்பாலான பூனைகள் முதன்முதல் தொற்றும்போது ஓரிரு வாரங்கள்தான் அதை வெளியேற்றுகின்றன. வெளியேறிய மலத்திலும் அது ஒரு நாளாவது கடந்தே தொற்றும் நிலைக்கு வருகிறது. கணவர் நாள்தோறும் மலத்தை அள்ளி அகற்றட்டும். நீங்கள் பூங்கன்றுகளுக்கு மண் கிளறினால் கையுறை போடுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள், வேகாத இறைச்சியைத் தவிருங்கள். பூனையைத் தடவுவதைவிட அரைவேக்காட்டு இறைச்சியால் இந்தக் கிருமி வரும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே அதைச் சந்தையடியில் விட வேண்டாம். முக்கியமான காரணம் வேறு. செத்த குட்டியோடு அதே வளவில் நாலு நாள் சுற்றிய பூனை அது. குட்டி அதைக் கடித்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய் வேறொரு ஊரில் விடுவது ஆபத்தை இன்னொருவர் வீட்டு முற்றத்தில் இறக்குவதாகும். நாளைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்று குட்டியின் கதை முழுவதையும் சொல்லுங்கள். தடுப்பூசி போடுவதா, எத்தனை நாள் அடைத்துவைத்துக் கவனிப்பதா என்று அவர் சொல்வார். அதுவரை மகன் அதைத் தூக்க வேண்டாம். யாரையாவது பிறாண்டினால் சவர்க்காரமும் 15 நிமிடமும், பிறகு வைத்தியசாலை. மகனின் ஊசி அட்டையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.