ஊசி போட்ட கோழியா? பண்ணை இறைச்சி பற்றிக் கேள்வி பதில்

நான் கால்நடை மருத்துவர். பெரிய பண்ணைகளில் பல வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு, இப்போது இறைச்சிப் பரிசோதனைப் பக்கம் வந்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் கோழி, பன்றி, மாட்டு இறைச்சியைச் சாப்பிட்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மாலதி: டாக்டர், ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கோழி வளர்கிறதே! ஹார்மோன் ஊசி போடாமல் இது எப்படி முடியும்?

வந்த கேள்விகளில் பாதி இதுதான். ஊசி இல்லை, மாலதி. காரணம் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56-ஆவது நாளில் 1957 இனம் 905 கிராம், 1978 இனம் 1,808 கிராம், 2005 இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், வளர்ப்பு ஒன்றுதான், மாறியது பரம்பரை மட்டும். வேகமாகச் சதை வைக்கும் பறவைகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவு அது.

இன்னொரு பக்கமும் யோசித்துப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. இருபதாயிரம் கோழி உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் கூலிக்கே பண்ணையை விற்க வேண்டியதுதான். கோழிக்கு ஊசி போடுவதை யாராவது பார்த்திருந்தால் அது பெரும்பாலும் தடுப்பூசியாக இருக்கும்.

ஆனால் இந்த வதந்திக்கு ஒரு வேர் உண்டு. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை (பெண் பாலின ஹார்மோன்) மாத்திரையாகக் கோழியின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தது உண்மை. 1959-இல் கோழிக்கு அதைத் தடை செய்தார்கள். மருந்து போய்விட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

மாட்டிறைச்சி கதை வேறு. அமெரிக்காவில் மாட்டின் காதுத் தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை வைப்பது இன்றும் சட்டப்படி நடக்கிறது. ஐரோப்பா அதை ஏற்கவில்லை. 1989 முதல் அப்படிப்பட்ட இறைச்சியின் இறக்குமதியையே தடுத்துவிட்டது. இரண்டு தரப்பும் இதில் பல வருஷம் சண்டை போட்டன. ஆகவே “இறைச்சியில் ஹார்மோனே கிடையாது” என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய்: என் மகளுக்கு ஒன்பது வயது. கோழி சாப்பிட்டால் சீக்கிரம் பூப்பெய்திவிடுவாள் என்று சொல்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

அதற்காக நிறுத்த வேண்டாம். பெண் குழந்தைகள் முன்பைவிடச் சீக்கிரம் பருவமடைவது உண்மை. அதோடு வலுவாகப் பொருந்திவருவது உடல் எடை, குறிப்பாகக் கொழுப்பு. வாரம் முழுக்கப் பொரித்த கோழியும் இனிப்புப் பானமுமாகப் போனால் அந்த வழியில் தொடர்பு வரலாம், கோழிக்குள் இருக்கும் ஹார்மோனால் அல்ல. எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செந்தில்: ஹார்மோன் இல்லை என்றால் ஆன்டிபயாடிக் மட்டும் என்ன பெரிய விஷயம்? எப்படியும் வேகவைக்கிறோமே, சார்.

சார் இல்லை, மேடம்! நீங்கள் கேட்டதுதான் உண்மையில் பெரிய விஷயம்.

1940-களின் இறுதியில், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தவர்கள், அவை கூடுதலாக வளர்வதைக் கண்டார்கள். அதிலிருந்து, நோயே இல்லாத விலங்குக்கும் தினம் கொஞ்சம் மருந்து என்று ஆரம்பித்தது. நெருக்கி அடைத்து வளர்ப்பதற்கு அது தோதாகவும் இருந்தது. ஒரு பறவைக்கு வந்தது கொட்டகை முழுக்கப் பரவுவதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கலந்துவிடலாம் அல்லவா?

இதில் இரண்டு கவலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இறைச்சியில் மிஞ்சும் மருந்து. மருந்தை நிறுத்திய பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு. வித்டிராயல் பீரியட் என்போம். அதை மதித்தால் மிச்சம் அநேகமாக வராது. மதிக்காமல் நாளைக்கு லாரி வருகிறது என்று இன்றுவரை மருந்து ஊற்றும் பண்ணையும் உண்டு. வேகவைத்தால் எல்லா மருந்தும் அழிந்துவிடாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அந்த மிச்சமே தொல்லை கொடுத்ததுண்டு.

இரண்டாவது கவலை இதைவிடப் பெரிது. தினம் கொஞ்சம் மருந்து பட்டுப் பட்டு, அதற்கு அஞ்சாத கிருமிகள் மட்டும் விலங்கின் குடலில் மிஞ்சிப் பெருகும். 1969-இலேயே பிரிட்டனில் அரசு அமைத்த ஸ்வான் குழு இதை எச்சரித்தது. ஸ்வீடன் 1986-இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நிறுத்த 2006 ஆயிற்று. அமெரிக்கா, மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளுக்கு மட்டும் 2017-இல் நிறுத்தியது. தெரிந்தே கடத்திய வருஷங்கள் எத்தனை என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறெதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கையில் எடுப்பது. சீனாவில் அதைப் பன்றித் தீவனத்தில் டன் கணக்கில் கலந்தார்கள். அந்த மருந்தை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு பன்றியிலும் இறைச்சியிலும் மனிதரிடமும் இருப்பதாக 2015-இல் அறிவித்தார்கள். அது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக் கூடியது, அதுதான் ஆபத்து. 2017-இல் சீனா தீவனத்தில் கலப்பதை நிறுத்திய பின் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அந்த எதிர்ப்பு கணிசமாகக் குறைந்தது. ஆக, நிறுத்தினால் பலன் இருக்கிறது.

செந்தில் மறுபடியும்: அதுதான் மேடம், வேகவைத்தால் அந்தக் கிருமியும் செத்துவிடுமே. பிறகு எப்படி எனக்கு வரும்?

செத்துவிடும். வேகாத இறைச்சி உங்கள் அடுக்களையில் சுற்றும் அந்தப் பத்து நிமிஷத்தைப் பாருங்கள். கவரைப் பிரிக்கும்போது சிவந்த தண்ணீர் மேடையில் சொட்டும். குழாயடியில் கோழியைப் பிடித்துக் கழுவும்போது திவலைகள் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டுமேல் தெறிக்கும். அதே கையால் குழாயைத் திருகுவோம். அதே பலகையில் வெள்ளரிக்காயை நறுக்குவோம். வெள்ளரிக்காயை யாரும் வேகவைப்பதில்லை. கேம்பிலோபேக்டர் கிருமி சில நூறு உள்ளே போனாலே பேதியாகிவிடும். அதற்கு ஒரு சொட்டு போதும்.

பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள் என்று சொன்னால் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். கழுவினால் கிருமி போகாது, பரவும். அழுக்கு இருக்கிறது என்று தோன்றினால் ஈரத்தாளால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். கழுவியே தீருவேன் என்பவர்கள் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள் மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டியையும் குழாயையும் சோப்புப் போட்டுத் தேயுங்கள். இறைச்சிக்கென்று தனிப் பலகை வையுங்கள். துண்டின் நட்டநடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். வெளியே கருகியிருப்பது உள்ளே வெந்ததற்கு அடையாளம் இல்லை.

எதிர்ப்புக் கிருமி வரும் வழி தட்டு மட்டும் அல்ல. பண்ணையில் வேலை செய்பவர் கையோடு, வயலில் கொட்டும் எருவோடு, கழிவுநீரோடும் அது வெளியேறுகிறது. நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர் மருத்துவமனையில் சேர்ந்தால், மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி அவரிடம் இல்லை என்று தெரியும்வரை தனி அறையில் வைப்பார்கள். பண்ணைக் கறியே தொடாதவருக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜெயராஜ்: கோழி நெஞ்சுக் கறியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுகிறது. புழுவா, மருந்தா?

இரண்டும் இல்லை. சதை நார் ஓடும் திசையிலேயே மெல்லிசாக ஓடுகிறதா? அது கொழுப்பும் நார்த்திசுவும். மிக வேகமாகத் தடித்த தசை உள்ளுக்குள் சிதைந்து, அந்த இடத்தில் கொழுப்பு அடைத்துக்கொண்டது. சில துண்டுகள் பச்சையிலேயே விறைப்பாக, அமுக்கினால் கட்டை மாதிரி இருக்கும். அதுவும் இதே வகை. சாப்பிட்டால் நோய் வராது. புரதம் குறைவு, கொழுப்பு கூடுதல், மெல்ல ரப்பர்போல் இருக்கும். அந்தப் பறவை எப்படி வளர்ந்தது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம்.

ஃபாத்திமா: திறந்தவெளியில் மேய்ந்த கோழி என்றால் பயமில்லாமல் சாப்பிடலாம்தானே, டாக்டர்?

மருந்து விஷயத்தில் பெரும்பாலும் மேல். கிருமி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. காட்டுப் பறவை எச்சம், குட்டைத் தண்ணீர் எல்லாம் படுவதால் வெளியில் மேயும் கோழியிலும் கேம்பிலோபேக்டர் தாராளமாக இருக்கும், சில ஆய்வுகளில் கூடுதலாகவே. மண் கெட்டிருந்தால் டையாக்சின் என்ற நச்சு, ஈயம் எல்லாம் முட்டைக்கு வரும். மேய்ச்சல் இறைச்சியில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்பது சரிதான், ஆனால் மீன் சாப்பிடுபவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை. சமைக்கும்போது இரண்டுக்கும் ஒரே ஜாக்கிரதைதான்.

அருண்: ஜிம்முக்குப் போகிறேன். மாட்டு ஈரல் நல்லது என்கிறார்கள்.

சத்து நிறைய. ஆனால் விலங்குக்குக் கொடுக்கும் மருந்து பலவும் வந்து தங்கும் இடமும் அதுதான். கிளென்பியூட்டரால் என்ற மருந்தைக் கொழுப்பு குறைந்து சதை ஏறுவதற்காகச் சட்டவிரோதமாகக் கொடுப்பார்கள். 1990-இல் ஸ்பெயினில் அப்படிப்பட்ட ஈரலைச் சாப்பிட்ட 135 பேருக்குக் கை நடுக்கமும் படபடப்பும் வந்தன. 2011-இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் 208 சிறுநீர் மாதிரிகளில் 109-இல் அது இருந்தது. பையன்கள் ஊக்கமருந்து எடுக்கவில்லை, அவர்கள் சாப்பிட்ட கறிதான் காரணம் என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் போட்டிக்குப் போகிறவர் என்றால் எங்கிருந்து வந்த ஈரல் என்று தெரியாமல் தொடாதீர்கள்.

கவிதா: புற்றுநோய் வரும் என்பது?

எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல், பதப்படுத்திய இறைச்சியை (சாசேஜ், பேகன், ஹாம்) உறுதியான காரணிகள் வரிசையில் வைத்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும். 100 பேரில் 5 பேருக்கு வருவது கிட்டத்தட்ட 6 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி அடுத்த படியில், அநேகமாகக் காரணி. கோழி இந்தப் பட்டியலில் இல்லை. இதில் பண்ணை இறைச்சி, மேய்ச்சல் இறைச்சி என்ற வித்தியாசமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பார்த்துப் பார்த்து வளர்த்த பன்றியை நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பைப் போட்டுப் பேகன் ஆக்கினாலும் பேகன்தான்.

தமிழ்: பறவைக் காய்ச்சல் சமயத்தில் முட்டை?

மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள். 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்து 6 பேர் இறந்தபோதும் சந்தேகம் விழுந்தது உயிருள்ள கோழிச் சந்தைமேல்தான், சமைத்த கறிமேல் அல்ல. செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள்.

பிரபாகர்: நேரடியாகக் கேட்கிறேன். ஊசி இல்லை, கோடு பரவாயில்லை என்கிறீர்கள். பண்ணைக்காரர்களுக்கு வக்காலத்தா?

ஆன்டிபயாடிக் பற்றி எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். இல்லாத ஊசியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டால் பண்ணைக்காரருக்குத்தான் வசதி. “எங்கள் கோழியில் ஹார்மோன் இல்லை” என்று அட்டையில் பெரிதாக அச்சடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மருந்தை ஊற்றுவார். அந்த அட்டையில் பொய்யும் இல்லை. நெருக்கடியைக் குறைத்து, கொட்டகையைக் காயவைத்து, தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டால் மருந்து வெகுவாகக் குறையும். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பறவை எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன அன்றோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திய பண்ணைகளும் உண்டு.

மாலதி: கடைசியாக ஒன்று. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாதா?

கொஞ்சம் சாகலாம், மிச்சம் தூங்கும். வெளியே மேடையில் வைத்து உருக்காதீர்கள், மேல்பக்கம் இளகிக் கிருமி பெருகும்போது நடுவில் இன்னும் கல்லாக இருக்கும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் இறக்கி வைத்துவிடுங்கள்.